பன்னிரண்டாம் எண்

நாலு பத்துக்குத் தொலைபேசி.
"ரன்வா, விலைப்பலகை மறுபடியும் உறைந்துவிட்டது."
மீனுக்கும் திரைக்கும் ஹானுஸ்
ஒரே குரலில்தான் 'உறைந்தது' என்பார்.
ஏலம் ஆறு மணிக்கு.

செவ்வாய் முதல் இதே கதை.
ஒரு மணிநேரம் படுத்தும், பிறகு தானாகச் சரியாகும்.
தானாகச் சரியாவதைப்போல்
எனக்குப் பயம் தருவது வேறில்லை.
நேற்று சுவிட்சை அணைத்துப் போட்டேன்.
அது வைத்தியமல்ல, வேண்டுதல்.

கிளாக்ஸ்விக்கில் இன்று மூடுபனி.
எதிரே மலை இருப்பதை
நம்பித்தான் ஆகவேண்டும்.
சர்வரை அப்படி நம்ப முடியாது.
சமையலறை மேசையில் கறுப்புத் திரையைத் திறந்து
பிங் அனுப்புகிறேன்.

இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?

இருக்கிறாயா?

இருக்கிறேன்.

என் திருமணத்தின் கடைசி வருடம் இப்படித்தான் இருந்தது.
அப்போது லாக் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ட்ரேஸ்ரூட் போட்டேன்.
சந்தைவரை நான்கு தாவல்,
நான்கும் சுத்தம்.
வழியில் கோளாறில்லை, வீட்டுக்குள்தான்.
வாயிலில் நிற்கும் கணினிக்குள் நுழைந்து
பாக்கெட் பிடிக்க வலை போட்டால்
கேமரா, பிரிண்டர், குளிரறை வெப்பமானி,
யாரோ ஒருவரின் கைப்பேசி என
எல்லாம் வந்து விழுந்தன.
சலித்துச் சலித்து
ஒரே ஒரு கேள்வியை மட்டும் மிச்சம் வைத்தேன்:
பன்னிரண்டாம் எண் யாரிடம்?

என்னிடம், என்றது ஒன்று.
என்னிடம், என்றது இன்னொன்று.

எத்தனையோ இரவு பார்த்தவள்தான்,
ஆனாலும் கை தேநீர்க் கோப்பைமேல் நின்றுவிட்டது.
முதல் குரல் சர்வர்.
இரண்டாவதின் வன்பொருள் முகவரியில் முதல் ஆறு எழுத்து
தராசு செய்யும் கம்பெனியுடையது.
சுவிட்சில் பத்தொன்பதாம் துளை.
அதன்மேல் பார்துரின் கையெழுத்தில் ஒரு சீட்டு:
'தற்காலிகம்'.
பார்துர் வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது.

துளையை இங்கிருந்தே மூடலாம், ஒரு வரிக் கட்டளை.
மூடினால் படகுத்துறையில் பதினோரு டன்
எடை போடாமல் கிடக்கும்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கிழக்குக் கொட்டகையில் சுன்லெய்க்
கையுறையோடு நிமிர்ந்தாள்.
"புதுத் தராசின் கால் உடைந்தது.
செவ்வாய்க்கிழமை பழையதை எடுத்து மாட்டினேன்.
தப்பா?"

தப்பில்லை.
தராசும் பொய் சொல்லவில்லை.
ஒன்பது வருடம் முன்பு
அந்த எண் அதற்குத்தான் கொடுக்கப்பட்டது.
பிறகு சர்வர் வந்தது, எண் தேடினேன்.
பன்னிரண்டைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
பதில் இல்லை.
காலி என்று எழுதிக்கொண்டேன்.
அன்று தராசு மின்சாரம் இல்லாமல்
தார்ப்பாயின் கீழ் இருந்தது.

அவள் டார்ச் பிடித்தாள்.
நாலு ரப்பர் பொத்தான், ஒன்று தேய்ந்துபோனது.
புது எண்ணை ஏற்ற ஏழு நிமிடம்.
செதிலும் உப்பும் விரலில் ஒட்டின.

ஐந்து முப்பத்தொன்றுக்கு ஹானுஸ்:
"வந்துவிட்டது. என்ன செய்தாய்?"
"ஒரு எண்ணை மாற்றினேன்."
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
யாருடைய பிழை என்று அவர் கேட்கவில்லை.
குறிப்பேட்டில் தேதி, துளை, காரணம் எழுதி
பிழை என்ற இடத்தில்
என் பெயரைப் போட்டேன்.

முதல் பெட்டி காட் மீன் விலைபோகும் சத்தம் கேட்டபடி
ஒன்று முதல் இருநூற்று ஐம்பத்து நான்குவரை
ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன்.
நூற்று எட்டு பேர் குரல் கொடுத்தார்கள்.
மற்றவற்றுக்கு நேராக
இம்முறை காலி என்று எழுதவில்லை.
'பதில் இல்லை' என்று எழுதினேன்.
பக்கத்தில் தேதியும் நேரமும்.