காற்று சரியில்லை

நண்டுக் கம்பெனியில் லீவு கேட்க
மூன்றே காரணங்கள் செல்லும்:
சாவு, காய்ச்சல், கல்யாணம்.
ராக்கெட் பார்க்கப் போகிறேன் என்று
எந்த வாயால் சொல்வது சூப்பர்வைசரிடம்?

சித்தி மகளுக்குக் கல்யாணம் என்றேன்.
எந்த ஊர்ல?
சூலூர்ப்பேட்டை. வாயில் வந்துவிட்டது.
அம்புட்டுத் தூரத்துலயா குடுக்குறீக?
நல்ல இடம் சார், என்ன செய்ய.

நம்புராணி, செய்தம்மாள், நான்.
பெயர் பதிய ஆதார் கேட்டது,
ஓடிபி வந்த நேரம்
போன்கள் லாக்கரில் கிடந்தன,
ஆறு கைகளும் நண்டின் முதுகுச் சதைக்குள்.
கடைசியில் செய்தம்மாளின் மகன்தான்
ஒருநாள் விடிகாலை உட்கார்ந்து பதிந்தான்.
கேலரியில் மூன்று பேருக்கு இடம்.

சம்பளக் கவரின் பின்பக்கம் எழுதினோம்:
சேது எக்ஸ்பிரஸ், மண்டபத்தில் ஏறி எழும்பூர்.
சென்ட்ரலுக்கு ஆட்டோ, பேரம் பேச நம்புராணி.
அங்கிருந்து பாசஞ்சர்.
தொப்பி வேண்டாம், முக்காடு போதும்.
புளிச்சோறு. வறுத்த கருவாடு
வேண்டாம், ரயிலில் திட்டுவார்கள்.
அதன் கீழே நம்புராணியின் கையெழுத்தில்:
வேண்டும். திட்டட்டும்.

எத்தனை நிமிசம் தெரியும் என்றார் வீட்டுக்காரர்.
மேகம் இல்லையென்றால் நாலு, அஞ்சு.
அதுக்கு ரெண்டு ராத்திரி ரயிலா?

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு
வாசலுக்குப் போய்விட்டேன்.
இவரிடம் எதைச் சொல்ல?
வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்,
இந்தத் துறையை விட்டுப் போகிற எதுவும்
கிடையாகத்தான் போகிறது.
படகு புள்ளியாகும், புள்ளி தண்ணீராகும்,
நெற்றியில் கையை வைத்தபடி
வெறும் வெயிலைப் பார்த்து நிற்கவேண்டும்.
டீசல் கணக்கு, சிங்களக் கப்பல், சாமி, மறுநாள் காலை.
ஒரே ஒருமுறை
நேர் மேலே போகிற ஒன்றைக்
கழுத்து வலிக்கப் பார்க்க ஆசை.
அது திரும்பி வராது.
வராது என்று தெரிந்தே அனுப்புகிறார்கள்,
அனுப்பிவிட்டுக் கைதட்டுகிறார்கள்.

புறப்படும் நாளன்று கச்சான் ஏறியது.
தென்கடல் ஆண்கடல், அதை விடுங்கள்,
பெண்கடலே தலையை விரித்துப் போட்டிருந்தது.
மீன்துறையில் டோக்கன் இல்லை என்றார்கள்,
துறை முழுக்கப் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
ஜெட்டி ஓரம் வைத்துப்
பையன் போனை நீட்டினான்:
மேலே காற்றின் வேகம் அதிகம்.
ஏவுதல் தள்ளிவைப்பு. தேதி பின்னர்.

செய்தம்மாள் அல்லாவே என்றாள்.
நம்புராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை:
அடியே, அதுக்கும் டோக்கன் குடுக்கலையாம்!
எத்தனை கோடி ரூபாய்ச் சாமான்,
என் கொழுந்தன் படகு மாதிரி
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
எனக்கு ஏனோ அதன்மேல்
முன்னைவிடப் பாசம் வந்தது.

டிக்கெட்டில் பாதிப் பணம் போயிற்று.
மறுநாள் மேசையில் என்னைப் பார்த்து
சூப்பர்வைசர் நின்றுவிட்டார்.
என்ன முத்திருளாயி, கல்யாணம்?
தள்ளிப் போயிருக்கு சார்.
அய்யய்யோ, மாப்பிள்ளை வீட்ல ஏதும் பிரச்சினையா?
காத்து சரியில்ல சார்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
நம்புராணி தட்டுக்குள் குனிந்துகொண்டாள்,
தோள் மட்டும் குலுங்கியது.
ஐஸ் உருகி மேசைக் காலில் சொட்டியது.
அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
நானும் நியூஸ் பாக்குறவன்தாம்மா என்றார்,
அதிகம் சத்தமில்லாமல்.
புதுசா முகூர்த்தம் குறிச்சா சொல்லுங்க.
வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்கு,
இந்த மாதிரிக் கல்யாணம் ஒண்ணும் பாத்ததில்ல.

கேலரியில் இடம் மூன்று பேருக்குத்தான்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று
நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.
பை கட்டியது கட்டியபடி ஆணியில் தொங்குகிறது.
கருவாட்டை மட்டும்
எடுத்துத் தின்றுவிட்டோம்.