பாலாறு, பதினோராவது தாள்

ராணிப்பேட்டையில் எனக்கு நிறம் பார்க்கும் வேலை.
வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துண்டையும்
நாங்கள் பூசிய தோலையும்
சன்னல் வெளிச்சத்தில் ஒட்டி வைத்து
"சிவப்பு ஒரு சொட்டு கம்மி" என்பேன்.
தனகோட்டி ஸ்பிரேயைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான்.
பதினாறு வருஷம்.
பழுப்பில் மட்டும் நாற்பத்தோரு பழுப்பு தெரியும்.
உனக்கு எது பிடிக்கும் என்று
எந்த நிறத்தைக் காட்டியும் யாரும் கேட்டதில்லை.

ஆற்காட்டில் நோட்டுப் புத்தகக் கடையில்
பன்னிரண்டு வில்லை வண்ணப்பெட்டி,
நூற்று நாற்பது ரூபாய்.
"பையனுக்கா, பொண்ணுக்கா?"
"பொண்ணுக்கு" என்றேன்.
எனக்குப் பெண் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பாலத்து நடைமேடை.
லாரி போனால் பாலம் அதிரும்.
பாலம் அதிர்ந்தால் கோடு அதிரும்.
முதல் தாளில் ஆறு நீலம்.
வாரத்தில் ஆறு நாள் பழுப்பு,
இன்றைக்காவது நீலம் இருக்கட்டும் என்று
வில்லை குழியக் குழியத் தேய்த்தேன்.
பஞ்சராகி நின்ற லாரியின் கிளீனர் எட்டிப் பார்த்தான்.
"நல்லாருக்குண்ணா. எந்த ஊரு ஆறு?"

கீழே பார்த்தேன்.
மணல். சீமைக் கருவேலம்.
ஸ்டம்புக்கு நட்ட மூன்று குச்சி.
ஜோடி இல்லாத ஒரு செருப்பு, எங்கள் கம்பெனித் தோலோ என்னவோ.
நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
எங்கள் பக்கத்தை விரல் மடக்கிக் கேலி பேசுவார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்.
அந்த நீரில்லா ஆற்றை
நீர் தொட்டுத் தொட்டு வரைய வேண்டியிருக்கும் என்று
அப்போது தெரியாது.

இரண்டாவதைக் கிழித்தேன்.
மூன்றாவதில் பழுப்பைத் தொட்டேன்,
சண்டை போட்ட பங்காளியிடம் கடன் கேட்பது மாதிரி.
நாலாவதில் மணல் கேழ்வரகுக் களியாகக் கிடந்தது.
ஐந்தாவதில் தூரிகையை எடுக்கவேயில்லை,
அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிழலில் கிடக்கும் மணலில் லேசாக ஊதா இருக்கிறது.
வெயிலில் கிடப்பதற்கு நிறமே கிடையாது,
அங்கே தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும்.
கம்பெனியில் ஒரு புள்ளி விட்டாலும்
தோல் திரும்பி வந்துவிடும்.
விடுவதற்கு
எனக்கு ஆறு தாள் ஆயிற்று.

ரோசலின் தாள்களை அரிசி டின்மேல் அடுக்கி
தோசைக்கல்லை வைப்பாள், சுருளாமல் இருக்க.
ஏழாவதில் ஒரு எண்ணெய் வட்டம் உண்டு.
அதைச் சூரியன் என்றாள்.

எட்டாவதைத் தனகோட்டி பார்த்தான்.
டீயை வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினான்.
"மணல் ஓகே. தூணுங்க ஏன் குடிச்சிருக்கு?"
உண்மைதான்.
எல்லாத் தூணும் ஆம்பூர்ப் பக்கம் சாய்ந்திருந்தன.
ஸ்கேல் வைத்தால் நிமிர்ந்துவிடும்,
பாலம்தான் செத்துப்போகிறது.

பிறகு ஒரு கார்த்திகை, மேலே ஆந்திராவில் மழை.
இரவோடு இரவாக ஆறு வந்துவிட்டது.
ஊர் மொத்தமும் பாலத்தில்.
செல்போனை உயர்த்தியவர்கள், கற்பூரம் கொளுத்தியவர்கள்,
பிள்ளையைத் தோளில் தூக்கி
"பாரு, தண்ணி பாரு" என்றவர்கள்.
நானும் ஓடினேன்.
கைப்பிடிச் சுவரில் தாளைப் பரப்பிப்
பையைத் துழாவினால்
தண்ணீர் பாட்டில் வீட்டில்.
காலுக்குக் கீழே கரை தொட்டு ஓடுகிறது,
தூரிகை நனைக்க ஒரு மூடி இல்லை.

வேர்க்கடலை விற்கிற அம்மாள்
தன் பாட்டிலைச் சாய்த்தாள்.
"சீக்கிரம் போடு, போலீஸ்காரர் தொரத்துறாரு."

கை நீல வில்லைக்குப் போனது.
போகட்டும் என்றுதான் இருந்தேன்.
பதினாறு வருஷப் பழக்கம் விடவில்லை,
ஒருமுறை ஒட்டி வைத்துப் பார்த்தேன்.
ஆறு நீலமாக இல்லை.
செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தது,
எங்கள் அட்டையில் முப்பத்தேழாம் பழுப்பு,
சிவப்பு மட்டும் ஒரு சொட்டு அதிகம்.

பத்து நிமிஷம்தான் கிடைத்தது.
தூண்கள் இன்னும் சாய்கின்றன.
இந்தத் தாளில்
பாதித் தூண் தண்ணீருக்குள் இருக்கிறது,
தனகோட்டிக்கு அவ்வளவாகத் தெரியாது.