விரல் மடங்கிய மாதங்கள்

பகாவ் பட்டணம் ஐந்தரைக்கு விழிக்கும்.
என் விரல்கள் எட்டரைக்கு.
ஆறு வருடம் அப்படித்தான்.
ஆலை எடைப்பாலத்தில்
செம்பனைக் குலை லாரிகள் ஹார்ன் அடிக்க
பேனா மூடியைப் பல்லால் கழற்றுவேன்.
முடக்குவாதம்.
உன் காவலர்களே உன் வீட்டை இடிக்கிறார்கள்
என்றார் சிரம்பான் டாக்டர்.

நாலாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
சம்பால் போத்தல் மூடி
சும்மா திறந்துகொண்டது.
குணாளன் பார்த்தான்.
மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

பிங்க் புத்தகத்தில் பிரஷர் எழுதியபடி
மிஸ்ஸி ரொகாயா சிரித்தார்:
பிள்ளையில் பாதி உன் புருஷன்,
உன் ரத்தத்துக்கு அந்நியன்.
விரட்டாமல் இருக்க உள்ளே பேச்சு நடக்கிறது,
அதில் உன் கைக்கும் கொஞ்சம் லாபம்.

புரோஜெஸ்டிரான்.
சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறுகிறது.
அது ஆயுதம் பறிப்பதில்லையாம்,
காவலர் காதருகே போய்
இப்போது வேண்டாம் என்கிறதாம்.
கூட இன்னும் எத்தனை பேர் பேசுகிறார்கள்
என்று முழுசாக யாருக்கும் தெரியாதாம்.
கொலையாளி என்றே பெயர் வாங்கிய அணுக்கள்கூட
கருப்பைச் சுவரில் மண்வெட்டி பிடித்து
ரத்தம் வரக் கான் அகலப்படுத்துகின்றனவாம்,
மழைக்கு முன்னே பதினேழாம் நம்பர் காட்டில்
வங்காளதேசத்து ரஃபிக்கும் ஆட்களும் செய்கிற மாதிரி.

தூங்கிவிட்டார்கள் என்று நினைக்காதே.
அக்டோபரில் ஆலை முழுக்கச் சளி,
எனக்கும் வந்தது.
இருமி, காய்ந்து, நாலு நாளில் போனது.
வாசலில் ஆள் இருந்தான்.
உள்ளே இருந்தவளை மட்டும்
பார்த்தும் பாராமல்.

பிரசவ அறையில் மிஸ்ஸி அதைத்
தட்டில் புரட்டிப் பார்த்தார்.
முழுசா வந்திருக்கு.
ஒரு ரொட்டி சானாய் அகலம்,
ஈரல் நிறம்,
ஒரு பக்கம் மரத்தின் வேர்.
இதற்குப் போய்
நஞ்சு என்று யார் பெயர் வைத்தது?
ஒன்பது மாதம்
இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து
ஒருவர் கையும் ஓங்காமல் பார்த்துக்கொண்டதற்கு?
கேட்டிருப்பேன். தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது வாரம்.
மகள் சட்டையில் நாலு பொத்தான்.
மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.
வந்துவிட்டார்கள்,
அதே பூட்ஸ், அதே கணுக்கள்.
பரவாயில்லை, அவள் வெளியே வந்துவிட்டாள்.
இனி அவளுக்காக
யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை
என்று சொல்லிக்கொண்டேன்.
வலித்தது.

குணாளனைக் கூப்பிட்டேன்.
லாரி டயர் கழற்றுகிற கை.
நாக்கைக் கடித்துக்கொண்டு
மூன்றாம் பொத்தானை
நாலாம் துளையில் மாட்டினான்.