ஏழாம் கேள்வி

கிட்வேயில் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மின்சாரம் போகும்.
ஆறரைக்கு நாங்கள் கூடுவோம்.
சுரங்கவியல் கட்டடம், மூன்றாம் வகுப்பறை,
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன
பாறை அடுக்குகள்.
கைப்பேசி விளக்கின் மேல் தண்ணீர்ப் புட்டியை நிறுத்தினால்
அறை முழுக்க வெளிச்சம் பரவும்.
கண்டுபிடித்தவள் நமுகோலோ,
எங்கள் ஜெபச் செயலாளர்.

தேர்வு முடிவு வந்த வாரம் அது.
சாட்சி நேரம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.
கபெம்ப்வாவுக்குக் கணிதத்தில் கர்த்தர் கைகொடுத்தார்.
முசோண்டா படிக்காத பாடத்திலிருந்து
கேள்வி வராமல் கர்த்தர் பார்த்துக்கொண்டார்.
ஆமென் சொன்னோம். கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு நமுகோலோ எழுந்தாள்.
முன்னால் வரவில்லை.
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு,
வருகைப் பதிவு வாசிக்கும் குரலில்,
"வெப்பவியல் தாள், ஏழாம் கேள்வி" என்றாள்.
"ஒரு காகிதம் வந்தது. பார்த்து எழுதினேன்.
இன்று காலை டீனிடம் சொல்லிவிட்டேன்."

பழக்கதோஷத்தில் யாரோ ஆமென் என்றார்கள்.

அடுத்து என்ன பாடுவதென்று தெரியவில்லை.
கிதார்க்காரன் ஒரு கம்பியை முறுக்கினான்,
தளர்த்தினான், மறுபடி முறுக்கினான்.
என்டோலாவிலிருந்து மாதம் இருமுறை மினிபஸ்ஸில் வரும்
ஊழியர் சில்வாம்பா பிரசங்கிப்பார் என்று காத்திருந்தோம்.
அவர் கேட்டது:
"சாப்பிட்டாயா, மகளே?"
இல்லை என்றாள்.
கூட்டம் அதோடு முடிந்தது.
கேட்டருகே சுட்ட சோளம் எட்டுக் கதிர் வாங்கினோம்,
அவர் பஸ் காசில்.
மழை தொடங்கியிருந்தது.

அந்தக் காகிதத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன்.
நான்காக மடித்தது. ஓரத்தில் தேநீர்க் கறை.
அவள் கையிலிருந்து அது வந்தது
என் கைக்கு.

எந்த இயந்திரமும் தான் வாங்கிய வெப்பம் முழுவதையும்
வேலையாக மாற்றிவிட முடியாது,
கொஞ்சமாவது வெளியே விட்டாக வேண்டும். நிறுவுக.
நிறுவினேன்.
பத்துக்குப் பத்து.

உனக்குப் பின்னால் யார் என்று டீன் கேட்டாராம்.
"என் கை வரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்றாளாம்.
இதுவும் பொய்தானே என்று
இரண்டு இரவு எனக்குள் வாதாடிப் பார்த்தேன்.
அவளையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டால்
எனக்குத் தூக்கம் வரும் என்று.

ஓராண்டு விலக்கம். உதவித்தொகை நின்றது.
சொல்வேசியில் லாரி ஓட்டும் அவள் அப்பா
மூன்று நாள் போனை எடுக்கவில்லை.
நான்காம் நாள் அவரே அழைத்து
ஐம்பது குவாச்சா அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி
வைத்துவிட்டார்.
இப்போது நமுகோலோ கேட்டுக்கு வெளியே
பச்சைக் குடையின் கீழ் ரீசார்ஜ் விற்கிறாள்.
வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே கடையை மூடிவிட்டு
உள்ளே வந்து பெஞ்சுகளை நேராக்குகிறாள்.
காவலாளி அடையாள அட்டை கேட்பதில்லை.

அவள் இடத்துக்கு
என்னை ஜெபச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.
ஒருமனதாக.
உயர்ந்த கைகளில் அவளுடையதும் ஒன்று.

கடிதம் எழுதிவிட்டேன். மூன்றே வரி.
டீன் அலுவலகத்துக்கு இருபத்தாறு படி.
திங்கள் போனேன், பூட்டியிருந்தது.
நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.
செவ்வாய் திறந்திருந்தது.
புதனும்.

இன்று வெள்ளி.
பத்துக் குவாச்சாவுக்கு ரீசார்ஜ் கேட்டேன்.
சில்லறையை எண்ணித் தந்தபடி
"புட்டிகள் கொண்டுவந்தாயா?" என்றாள்.
நான்கு இருக்கிறது என்றேன்.
கடிதம் இருந்த பையில்தான் அவையும்.
ஒன்றின் மூடி சரியில்லை,
உறையின் ஓரம் நனைந்துவிட்டது.
பிரித்துப் பார்த்தேன்.
இன்னும் வாசிக்க முடிகிறது.