தொழில்: இதர

உட்துறைமுக வீதிக் கந்தோர்.
பதிவுப் படிவத்தில் ஏழாம் கேள்வி.
"தொழில்?" என்கிறார் தவநேசன்.
"உள்ளக வடிவமைப்பு."
பேனை நிற்கிறது.
"மேசனோ? பெயின்ற்றோ? தளபாடக் கடையோ?"
மூன்றுமில்லை.
"அப்ப மிஞ்சினது என்ன?"

மிஞ்சினதுதான் என் தொழிலென்று
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
வாசலில் ஒரு புள்ளிமான்
யாருடையதோ விண்ணப்பத்தை மென்றுகொண்டு நின்றது.
அதைத் துரத்துகிறவருக்கு இங்கே
பதவிப் பெயரும் ஓய்வூதியமும் உண்டு.

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல்
எல்லாம் இந்தப் பக்கம் கப்பலில் வந்த சொற்கள்.
போர்த்துக்கேயன் போனான், கதிரை போகவில்லை.
ஒல்லாந்தன் கந்தோரை விட்டுவிட்டுப் போனான்.
இறக்கியவனுக்குக் கூலி எழுதினார்கள்.
எதை எதற்குப் பக்கத்தில் வைப்பதென்று
இடுப்பில் கைவைத்து யோசித்தவளுக்கு
எந்தக் கணக்கிலும் வரி இல்லை.

டொக்யாட் பங்களாவில் துரைசாணி
சிவப்புத் திரைச்சீலை கேட்டாளாம்.
"மேற்கு வெயிலுக்கு மூன்று மாதம் தாங்காது, அம்மா.
பச்சை போடுங்கோ" என்றாராம் தையற்காரர் பேதுருப்பிள்ளை.
துணிக்குக் காசு. தையலுக்குக் காசு.
பச்சைக்கு நன்றி.

பிறகு யுத்தம்.
பள்ளிக்கூட மண்டபமொன்றில் முப்பது குடும்பம்.
யாரோ ஒருத்தி மூன்று சேலையைக் கயிற்றில் போட்டு
பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூலை செய்தாள்,
காற்று வரும்படி, கண் வராதபடி.
பெயர் தெரியாது.
என் துறையின் வரலாற்றை யாராவது எழுதினால்
அவளுக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விடட்டும்.

நான் கொழும்பில் இரண்டு வருடம் படித்தவள்.
நிறச் சக்கரம், அளவு நாடா, இத்தாலி விளக்குகளின் படம்.
முதல் வேலை கிண்ணியாவில்,
சுபைதீன் ஹாஜியாரின் புது வீடு.
தேத்தண்ணித் தட்டோடு வரும் நசீஹாவின் இடுப்பை
சோபாவின் மூலை நாளுக்குப் பத்துத் தரம் இடித்தது.
இரண்டு அடி நகர்த்தச் சொன்னேன்.
"தள்ளினது என்ர மகன். உங்களுக்கு என்னத்துக்குக் காசு?"
என்று உண்மையாகவே கேட்டார்.
இரால் கறி நல்ல ருசி.
பற்றுச்சீட்டுப் புத்தகம் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

தவநேசன் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி
எழுதுகிறார்: இதர.
மூன்று மணி வெயில்
துறைமுகத் தண்ணீரில் பட்டு
நேரே அவர் முகத்துக்கு வருகிறது.
"எத்தனை வருசமா இப்பிடி?"
"பதினொண்டு. யன்னல் அங்கதானே இருக்கு."
"மேசை அங்க இருக்கவேணுமெண்டு இல்லையே."

பியோன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
சிமெந்தில் கால்கள் கிறீச்சிட, மான் ஓடிப்போனது.
அவர் உட்கார்ந்தார். கையை இறக்கினார்.
என் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.
ஆனாலும் இதர இதரதான்;
பதிவுக் கட்டணமும் முழுசாக வாங்கினார்.

மறுநாள் காலை தொலைபேசி.
"மிஸ், பக்கத்துப் பிரிவுப் பெரியவர்
தன்ர மேசையை எங்க போடலாமெண்டு கேக்கிறார்."
"கட்டணம் இருக்கு" என்றேன்.
மறுமுனை யோசித்தது.
"அது நாங்களே பாப்பம்."
ஆனால் வாங்கியை வைக்க மறந்துவிட்டார்.
மேசை இழுபடும் சத்தம்.
இன்னொரு தரம், வேறு திசையில்.
பிறகு யாரோ "கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

நான் பொறுத்திருந்தேன்.