துரு வரிசை

நோயை ஊட்டுவது என் வேலை.
ஞோரோ மேட்டின் காலைக் குளிரில்
செங்காவித் தூளைத் தண்ணீரில் கலக்கி
இரண்டு சொட்டு சோப்பும் விட்டு
சிரிஞ்சில் ஏற்றுவேன்.
சூல்கொண்ட கோதுமைத் தண்டுகளை
குனிந்து குனிந்து குத்திக்கொண்டே போவேன்.

எங்கிருந்தெல்லாமோ வந்த விதைகள்.
துருக்கி, நேபாளம், எத்தியோப்பியா,
வாயில் நுழையாத ஊர்கள் சில.
உறைக்கு ஓர் எண்.
"இங்கேயே சாகட்டும் ஜெரோப்,
யாரோ கடன்வாங்கி விதைத்தபின் சாவதைவிட"
என்பார் டாக்டர் ஒலுவோச்.

வேலை முடிந்ததும்
உடுப்பை மாற்றி, பூட்ஸைக் கழுவி,
தலையை அலசிய பிறகுதான் வாசல்.
மலைக்கு அந்தப் பக்கம்
என் தம்பிக்கு நான்கு ஏக்கர் கோதுமை.

ஆகஸ்டில் அவன் வயலும் சிவந்தது.
தண்டைத் தேய்த்துக் கட்டைவிரலைக் காட்டினான்.
"உன்னிடமிருந்தா?"
பூஞ்சைத்தூளுக்கு முகவரி கிடையாது,
காற்று உகாண்டாவிலிருந்தும் கொண்டுவரும் என்றேன்.
உண்மைதான்.
குரல்தான் ஏனோ தாழ்ந்துவிட்டது.

அதே மாதம்
நானூற்றுப் பதினேழாம் வரிசை மட்டும் பச்சையாக நின்றது.
சிரிஞ்சு அடைத்துக்கொண்டதோ என்று
மூன்று முறை குத்தினேன்.
பச்சை.
ஒலுவோச் சேற்றில் மண்டியிட்டு
ஓர் இலை நுனியைக் கிள்ளிக் குப்பியில் போட்டார்.
இனி ஆய்வுக்கூடத்தில்
எந்த மரபணு தடுத்தது என்று தேடுவார்கள்.
பிறகு விளக்குக் கொட்டகை.
இருபத்திரண்டு மணி நேரப் பகலில்
தூங்கவிடாமல் வளர்த்து
வருடத்துக்கு ஐந்து தலைமுறை.
அத்தனை அவசரத்துக்குப் பிறகும்
கடைக்கு மூட்டையாக வர ஆறு வருடம்.
அதற்குள் தம்பியின் மூத்தவள் பள்ளி முடித்திருப்பாள்.
அல்லது பாதியில் நின்றிருப்பாள்.

"ஒரு கைப்பிடி, அக்கா."
"முடியாது."
இன்னொரு தடவை கேட்பான் என்று நினைத்தேன்.
கிப்லகாட் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அறுவடை நாளில் காவலாளி
என் பையைக் கவிழ்த்துப் பார்த்து அனுப்பினான்.
மட்டாட்டுவில் நெருக்கியடித்து உட்கார்ந்தபோது
கணுக்காலில் ஏதோ உறுத்தியது.
காலுறைக்குள் ஒரே ஒரு மணி.
துரு தின்ற வரிசைகளின் மணி சூம்பிக் கிடக்கும்.
இது சூம்பவில்லை.

இரண்டு நிறுத்தம் வரை உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
ஒரு மணியை வைத்து என்ன செய்வான் என்றும்
ஒரு மணியிலிருந்துதானே எல்லாம் என்றும்
மாறி மாறி.
அவன் வீட்டுத் திருப்பம் வருமுன்
வாயில் போட்டுக் கடித்தேன்.
கெட்டியாக இருந்தது.
மெல்ல மெல்லப் பசையாகி
இறங்கும்வரை இனித்தது.