ஐந்தரை மணி நேரப் பிழை

மூன்றாம் குளத்தில் ஆக்சிஜன் மூன்று புள்ளி இரண்டு.
இரவு மணி இரண்டு ஐம்பது.
பதியப் போனால்
கணினி நேற்றைய தேதியைக் காட்டுகிறது.

கைபேசியைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
எல்லாம் இன்றைக்கு வந்து சேர்ந்துவிட்டன,
இது ஒன்றுதான் வரவில்லை.

திருக்கடையூருக்குக் கிழக்கே
ஆறு இறால் குளங்களுக்கு நான் இரவுக் காவல்.
இங்கே வந்து சேரும்போது
காவிரியிடம் காவிரி என்ற பெயர் இல்லை,
ஒரு வாய்க்கால் எண்தான் இருக்கிறது.

கணினி, முதலாளி நாகூரில் எடைக்கு எடுத்தது.
காசு கேட்காத இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றித் தந்தவன்
பொறையாரில் கைபேசி பழுது பார்க்கும் சின்னப்பராஜ்.
"தப்பு இருந்தா அவங்ககிட்டயே சொல்லலாம், கேப்பாங்க."
யார் அந்த அவங்க என்று அவனுக்கும் தெரியாது.

சொன்னேன்.
பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில், தாசில்தாருக்கு மனு எழுதுவது போல:
ஐயா, வணக்கம், கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கும் நான்...
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.
'பதிப்பு எண்?'

பிறகு ஒரு படிவம். மூன்றே கட்டம்.
என்ன செய்தீர்கள்.
என்ன நடந்தது.
என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்.

மூன்றாவது கட்டத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.
பயிர்க் காப்பீட்டுக்கு எழுதியிருக்கிறேன்,
புயல் நிவாரணத்துக்கு இரண்டு முறை.
நீ என்னப்பா எதிர்பார்த்தாய் என்று
ஒரு தாளும் கேட்டதில்லை.

'இன்றைய தேதி' என்று எழுதினேன்.

பார்த்தவர் பெயர் மிலான். ஊர் பிராக்.
'என்னிடம் சரியாகத்தான் வருகிறது' என்று
மூடிவிட்டார்.

மூடியதைத் திறக்கத் தெரியாமல் நான்கு இரவு போனது.
ஐந்தாம் இரவு
அரை மணிக்கு ஒரு படம் பிடித்தேன்.
பன்னிரண்டு, நேற்று.
பன்னிரண்டரை, நேற்று.
ஒன்று, ஒன்றரை, கொசு, இரண்டு, எல்லாம் நேற்று.
ஐந்து இருபத்தொன்பது, அப்போதும் நேற்று.
ஐந்தரைக்கு
மடை திறந்தது போல
இன்று.

மோட்டார் போடும் கலியன் எட்டிப் பார்த்தான்.
"இதுல என்னடா தப்பு? விடிஞ்சாத்தானே மறுநாளு?
பஞ்சாங்கத்துலயும் அப்படித்தானே போட்டிருக்கு?"
உண்மையாகவே ஒரு நிமிடம் தடுமாறினேன்.

ஆனால் இறாலுக்குப் பஞ்சாங்கம் தெரியாதே.
போன வெள்ளி விடியற்காலை மூன்றுக்கு வைத்த அலாரம்
இன்றைக்கு வியாழன்தானே என்று தூங்கிவிட்டது.
காற்றுச் சக்கரம் நின்றுபோன நான்காம் குளத்தில்
மீசையை மேலே நீட்டிக்கொண்டு
கரையோரம் முழுக்க வந்து நின்றன.

பாதிப்பு எவ்வளவு, குறைவா, நடுத்தரமா, அதிகமா
என்று இன்னொரு கட்டம் கேட்டது.
'நாற்பது கிலோ' என்று போட்டேன்.
பதின்மூன்று படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

இந்த முறை மிலான் நீளமாக எழுதியிருந்தார்.
இயந்திரம் லண்டன் கணக்கில் தேதியை எடுக்கிறதாம்.
'என் ஊரில் இந்தப் பிழை
நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் உயிரோடிருக்கிறது.
அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
உங்கள் ஊரில் அதற்கு ஆயுள் ஐந்தரை மணி நேரம்.
நீங்களோ விழித்திருக்கிறீர்கள்.'

திருத்தம் ஒரே வரி.
அடுத்த பதிப்பில், ஐப்பசி வாக்கில், வருமாம்.
அதுவரை தேதியைக் கையால் திருத்திக்கொள்கிறேன்.

திருத்தத்துக்குக் கீழே,
கண்டு சொன்னவர்: அமிர்தகடேச
பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம், உள்ளே கேள்விக்குறி.

மணி மூன்று பத்து.
ஆக்சிஜன் நாலுக்கு ஏறிவிட்டது.
புதுப் படிவம் திறந்தேன்.
பதிப்பு எண்ணை முதலில் எழுதினேன்.

செய்தது: என் பெயரைக் கொடுத்தேன்.
நடந்தது: கேள்விக்குறி.
எதிர்பார்த்தது:
ஒரு ன,
அதன் தலையில் ஒரு புள்ளி.